வாசகர் கேள்வி பதில்: யானையைக் கொடுத்து வாங்கியது என்ன?

இந்த மாதம் வந்த சதுரங்கக் கடிதங்களில் நான்கு சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்து வந்தவை. தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் சனிக்கிழமைதோறும் நடக்கும் சதுரங்க வகுப்பில் எழுந்த ஒரே வாக்குவாதத்தைத்தான் நால்வரும் ஆளுக்கொரு பக்கமாக எழுதியிருக்கிறார்கள் என்பது படித்தவுடனே தெரிந்துவிட்டது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மூலையில் நிற்கும் காயை யானை என்றும், சாய்வாகச் செல்லும் காயை மந்திரி என்றும் எழுதுகிறேன். வேறு பெயர் சொல்லிப் பழகியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஐயா, நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். பழைய ஆட்டங்களிலிருந்து, உடனடி ஆதாயம் எதுவும் இல்லாமல் காயைத் தியாகம் செய்த இருபது நிலைகளைப் பொறுக்கியெடுத்து, என் பழைய கணினியில் இருக்கும் செஸ் எஞ்சினுக்கும் (சதுரங்கம் ஆடும் நிரலுக்கும்) மாணவர் ஒருவரின் கைப்பேசியில் இருக்கும் எஞ்சினுக்கும் கொடுத்துப் பார்த்தேன். கைப்பேசி பதினேழு நிலைகளில் சரியான நகர்த்தலைச் சொன்னது; கணினி ஒன்பதில்தான் சொன்னது. கைப்பேசியில் இருப்பதுதான் நிலையை நன்றாகப் புரிந்துகொள்கிறது என்று முடிவு செய்யலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம், ஐயா. கணக்குப் பாடத்தில் வழிமுறையை எழுதாமல் விடையை மட்டும் எழுதிய மாணவனுக்கு நீங்கள் முழு மதிப்பெண் கொடுத்திருக்க மாட்டீர்கள். பதினேழு, ஒன்பது என்ற எண்களும் விடையை மட்டுமே திருத்திப் போட்ட மதிப்பெண்கள்தாம். கைப்பேசி புதியது, கணினி பழையது என்பதால் வேகத்தின் வேறுபாடும் அவற்றில் கலந்திருக்கிறது. இரண்டு எஞ்சின்களையும் ஒரே கருவியில் ஓடவைத்தால்தான் ஒப்பீடு என்று அதற்குப் பெயர்.

ஆனால் உங்கள் கேள்வியில் கருவியைவிட முக்கியமான சிக்கல் ஒன்று இருக்கிறது. ராஜாவைத் துரத்திப் பிடிப்பதற்காகக் காயைக் கொடுக்கும் தியாகத்தில் கணக்கு ஓர் இடத்தில் முடிந்துவிடும். ஐந்தாவது நகர்த்தலிலோ பத்தாவது நகர்த்தலிலோ மேட் விழும், அல்லது கொடுத்த காய் வட்டியோடு திரும்பி வரும். நீங்கள் தேர்ந்தெடுத்த வகையில் அப்படி ஒரு முடிவு கண்ணுக்கெட்டிய தூரத்தில் கிடையாது. கொடுத்த காய்க்குப் பதிலாகக் கிடைப்பது ஒரு நல்ல கட்டம், அடைபட்டுக் கிடக்கும் எதிராளியின் மந்திரி, நாலு நகர்த்தல் அவகாசம் போன்றவை. பால் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்ட தோட்டங்களை நம்மவர்கள் பார்த்திருக்கிறார்கள். கன்று நட்டு ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு அந்த நிலத்திலிருந்து ஒரு குலையும் வராது. அந்த மாதத்து எடைப் புத்தகத்தை மட்டும் புரட்டும் கிராணிக்கு அது முழு நட்டமாகத்தான் தெரியும். பழைய எஞ்சின்கள் பெரும்பாலும் அந்தக் கிராணியைப் போன்றவை. யானைக்கு 5, மந்திரிக்கும் குதிரைக்கும் 3, சிப்பாய்க்கு 1 என்று எண்ணிவிட்டு, கட்டத்துக்கும் ராஜாவின் பாதுகாப்புக்கும் கொஞ்சம் சில்லறை சேர்த்துக் கூட்டிச் சொல்லும்.

உங்கள் பட்டியலில் மூன்றாவதாக இருக்கும் நிலையையே எடுத்துக்கொள்வோம்: 1953-ல் சூரிச் நகரில் நடந்த, உலக வெற்றியாளரை எதிர்த்து ஆடப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் ரெஷெவ்ஸ்கிக்கு எதிராகப் பெட்ரோசியன் கறுப்புக் காய்களுடன் ஆடிய ஆட்டத்தின் 25-ஆவது நகர்த்தல். வெள்ளையின் சிப்பாய்கள் டி4, இ5 கட்டங்களில் தோளோடு தோள் நிற்கின்றன (எழுத்து நெடுவரிசையையும், எண் வெள்ளையின் பக்கத்திலிருந்து எண்ணும் குறுக்குவரிசையையும் குறிக்கும்). இரண்டு யானைகளும் பின்னால் இ வரிசையில் அணிவகுத்திருக்கின்றன. ராணி எஃப்4-இல், ஒரு மந்திரி ஜி4-இல். இ5 சிப்பாய் ஓரடி முன்னே வைத்தால் கறுப்பின் அரண் உடைந்துவிடும். கறுப்புக் குதிரை டி5 கட்டத்தைப் பிடித்துவிட்டால் அங்கிருந்து அதை எந்தச் சிப்பாயாலும் விரட்ட முடியாது, ஆனால் சி6-இல் இருக்கும் குதிரை அங்கே போக இ7 வழியாகத்தான் போக வேண்டும், இ7-இலோ தன் யானையே வழிமறித்து நிற்கிறது. பெட்ரோசியன் அந்த யானையை ஓரடி முன்னே, இ6 கட்டத்தில், வெள்ளை மந்திரியின் வாயிலேயே கொண்டுபோய் வைத்தார். அந்த ஒரே நகர்த்தலில் சிப்பாயின் பாதை அடைபட்டது. குதிரைக்கு வழி திறந்தது. மந்திரி யானையைத் தின்றால் எஃப்7 சிப்பாய் இ6-க்கு வந்து டி5 குதிரைக்குத் தூணாக நிற்கும். அதோடு வெள்ளைக் கட்டங்களைக் காவல் காக்க வெள்ளைக்கு இருந்த ஒரே மந்திரியும் போய்விடும். மிஞ்சும் பி2 மந்திரி சி3, டி4, இ5 என்ற தன் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே சிறைப்பட்டிருக்கும். ரெஷெவ்ஸ்கி ஒரு நகர்த்தல் பொறுத்து 27-ஆவதில் யானையை எடுத்தார். கறுப்புக் குதிரை டி5-இல் ஏறியது. 30-ஆவது நகர்த்தலில் அவரே தன் யானை ஒன்றைக் கறுப்பின் மந்திரிக்குப் பதிலாகத் திருப்பிக் கொடுத்தார். 41-ஆவது நகர்த்தலில் ஆட்டம் சமனில் முடிந்தது.

அந்த முடிவைக் கவனியுங்கள். இவ்வளவு புகழ்பெற்ற தியாகம் வாங்கித் தந்தது வெற்றியை அன்று, சமநிலையை. ஆகவே இந்த நிலையில் எஞ்சின் யானையை இ6-க்கு நகர்த்துகிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தக்கூடாது. நகர்த்திய பின் அது காட்டும் மதிப்பீடு என்ன என்றும் பார்க்க வேண்டும். நகர்த்தலைச் சொல்லிவிட்டு, வெள்ளைக்கு இரண்டு சிப்பாய் அளவு மேலாதிக்கம் என்று ஓர் எஞ்சின் காட்டினால், அது யானைக்கும் மந்திரிக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிவிட்டு, வேறு வழியெல்லாம் இன்னும் மோசம் என்பதால் இதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்று பொருள். அது தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் பெட்ரோசியன் கண்டதை அது காணவில்லை. உங்கள் பட்டியலில் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் விழுந்திருக்கிறது.

இந்த வகை நிலைகளில் முதல் தேர்வுக்கும் இரண்டாம் தேர்வுக்கும் இடையே கால் சிப்பாய் அளவு வேறுபாடுகூட இல்லாமல் போகலாம் என்பது இன்னொரு தொல்லை. மேட் விழும் நிலையில் எஞ்சின் விடையைக் கண்ட கணமே மதிப்பீடு துள்ளிக் குதிக்கும். எவரும் பார்த்துச் சொல்லிவிடலாம். இங்கே அது துள்ளாது. எனவே எஞ்சினை முதல் மூன்று நகர்த்தல்களையும் சேர்த்துக் காட்டும்படி வைத்து, மூன்றுக்கும் ஏறத்தாழ ஒரே எண் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், அதில் கிடைத்த சரியான விடை பூவா தலையா போட்டுக் கிடைத்ததாக இருக்கலாம். அத்தகைய நிலையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், அல்லது இரண்டு நகர்த்தல்களையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

நான் நம்பும் சோதனை ஒன்றுதான், அதற்குப் பொறுமை வேண்டும். தியாகம் நடந்து முடிந்த நிலையைப் பலகையில் வைத்து, எஞ்சினைத் தியாகம் செய்த பக்கத்தில் உட்காரவைத்து, அதே அளவு நேரம் கொடுத்து, ஒரே எதிராளியோடு ஆடவிடுங்கள். பின்பு பக்கத்தை மாற்றி ஆடவிடுங்கள். குதிரையை டி5-க்குக் கொண்டுபோவதற்குப் பதிலாக எங்கோ ஒரு மூலையில் சிப்பாய் பொறுக்கப் போகும் எஞ்சின், முதல் நகர்த்தலை எவ்வளவு வேகமாகச் சொல்லியிருந்தாலும், அந்தத் தியாகத்தின் காரணம் அறியாதது.

கேள்வி: ஐயா, நான் ஐந்தாம் படிவ மாணவன், வாத்தியார் சோதித்தது என் கைப்பேசியைத்தான். ஒரே நிலையை மூன்று முறை கொடுத்தேன். முதல் முறை 4 விநாடியில் விடை வந்தது, இரண்டாம் முறை 40 விநாடி ஆனது, மூன்றாம் முறை இரண்டு நிமிடமாகியும் வரவில்லை. கைப்பேசி கெட்டுவிட்டதா?

பதில்: கைப்பேசி நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. இன்றைய எஞ்சின்கள் செயலியின் பல கோர்களில், அதாவது கணக்கிடும் பகுதிகளில், ஒரே சமயத்தில் தேடுகின்றன; திரெட்டுகள் எனப்படும் அந்தத் தேடல் இழைகள் எல்லாம், தாம் பார்த்து முடித்த நிலைகளை ஹாஷ் எனப்படும் பொது நினைவகத்தில் எழுதிவைத்து, ஒன்று எழுதியதை மற்றொன்று எடுத்துப் பயன்படுத்திக்கொள்கின்றன. எந்தத் திரெட் எந்தக் கணத்தில் எதை எழுதுகிறது என்பது ஒவ்வொரு முறையும் சிறிது மாறும். அந்தச் சிறு மாற்றம் தேடலின் போக்கையே திருப்பிவிடக்கூடும். கைப்பேசி சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துக்கொள். நம் ஊர் மதிய வெயிலில் மூன்றாம் முறை தாமதமானதில் எனக்கு வியப்பில்லை.

பரிகாரம் எளிது. ஒரே ஒரு திரெட்டில் ஓடவிடு. ஒவ்வொரு நிலைக்கும் முன்னால் ஹாஷை அழித்துவிடு. நேரத்துக்குப் பதிலாக, இத்தனை கோடி நிலைகளை ஆராய்ந்ததும் நிறுத்து என்று கட்டளை கொடு. இந்த மூன்றையும் செய்தால் அதே எஞ்சின் அதே விடையை ஒவ்வொரு முறையும் தரும். திரெட்டுகள் பல வேண்டுமென்றால் ஐந்து முறையாவது ஓட்டி, நடுவில் விழும் எண்ணை எடுத்துக்கொள். இன்னொன்று: எஞ்சின் 4-ஆவது விநாடியில் விடையைச் சொல்லி, 9-ஆவதில் கைவிட்டு, 30-ஆவதில் திரும்பிப் பிடித்தால், குறிக்க வேண்டியது 30. கடைசியாகப் பிடித்து, அதன் பிறகு விடாமல் வைத்துக்கொண்ட நேரம்தான் கணக்கு.

நீ கடிதத்தில் எழுதாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். முதல் முறைக்கு முன்னால் அந்தத் தியாகத்தைப் பலகையில் நடத்திப் பார்த்துவிட்டுப் பின்னோக்கி வந்தாயா? வந்திருந்தால் நீ போய்வந்த நிலைகள் எல்லாம் ஹாஷில் பதிந்திருக்கும். 4 விநாடியில் கிடைத்த விடையை நீயேதான் அதன் காதில் ஓதியிருக்கிறாய்.

கேள்வி: 1997-இல் டீப் புளூ என்ற கணினி குதிரையைத் தியாகம் செய்துதானே உலக வெற்றியாளர் காஸ்பரோவை வென்றது? அப்போதே கணினிக்குத் தியாகம் புரிந்துவிட்டதே, இப்போது எதற்கு இந்தச் சோதனை?

பதில்: நியூயார்க்கில் 1997 மே 11 அன்று நடந்த ஆறாவது ஆட்டத்தைச் சொல்கிறீர்கள். காரோ-கான் தற்காப்பில் 8-ஆவது நகர்த்தலாக வெள்ளைக் குதிரை இ6 சிப்பாயை வெட்டியது உண்மை. காஸ்பரோவ் 19 நகர்த்தல்களில் தோல்வியை ஒப்புக்கொண்டதும் உண்மை. ஆனால் அந்தக் குதிரைத் தியாகம் இயந்திரத்தின் ஓப்பனிங் புக்கில், அதாவது தொடக்க நகர்த்தல்களின் தொகுப்பில், மனிதர்கள் முன்பே எழுதிவைத்திருந்தது. விநாடிக்கு ஏறத்தாழ 20 கோடி நிலைகளை ஆராயக்கூடிய அந்த இயந்திரம் அந்த ஒரு நகர்த்தலுக்கு ஆராய்ச்சி செய்யத் தேவையே இருக்கவில்லை. சோதனைக்கு உட்காரும் முன் ஓப்பனிங் புக்கை அணைத்துவிடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

கேள்வி: வணக்கம் ஐயா. என் மகள் வகுப்பில் முதல் பலகையில் ஆடுகிறாள். புத்தகத்தில் இரண்டு ஆச்சரியக்குறி போட்டிருக்கும் தியாகத்தை எஞ்சின் தவறு என்கிறது. புத்தகத்தை நம்புவதா, எஞ்சினை நம்புவதா என்று என்னைக் கேட்கிறாள். எனக்கு ஆட்டம் தெரியாது. நான் என்ன சொல்வது?

பதில்: அம்மா, உங்கள் மகள் கேட்டிருப்பது இந்த நான்கு கடிதங்களிலும் கடினமான கேள்வி. இரண்டு பக்கமும் தவறு நடந்திருக்கிறது என்பதுதான் வரலாறு.

முதலில் புத்தகத்தின் பக்கம். பழைய ஆட்டங்களுக்கு விளக்கம் எழுதியவர்கள், வென்றவரின் தியாகத்துக்கு ஆச்சரியக்குறி போடுவதில் தாராளமானவர்கள். 1960-இல் உலக வெற்றியாளரான டால் செய்த தியாகங்களில் பலவற்றுக்குப் பின்னாளில் மறுப்பு கண்டுபிடிக்கப்பட்டது. எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு, கடிகாரம் ஓடும்போது, அந்த மறுப்பு தோன்றவில்லை, அவ்வளவுதான். எஞ்சின் தவறு என்று சொன்னால், அது காட்டும் பதில் நகர்த்தலைப் பலகையில் வைத்து, அடுத்தடுத்து ஆடி, எதிராளிக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்று உங்கள் மகளே பார்க்கட்டும். காய் திரும்பக் கிடைக்காமல், பிடித்த கட்டமும் நழுவிப்போனால் புத்தகம் தோற்றது.

இனி எஞ்சினின் பக்கம். ஒரு நிலையில் முப்பது நாற்பது நகர்த்தல்கள் இருக்கும். எல்லாவற்றையும் சம ஆழத்துக்குத் தேட நேரம் போதாது. ஆகவே முதல் பார்வையில் மோசமாகத் தெரியும் நகர்த்தல்களை எஞ்சின் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஒதுக்கும். யானையைச் சும்மா கொண்டுபோய் வெட்டில் வைப்பதைவிட மோசமாகத் தெரியும் நகர்த்தல் ஏது? 1998-இல் லினாரெஸ் போட்டியில் தோப்பலோவுக்கு எதிராக ஷிரோவ் 47-ஆவது நகர்த்தலில் செய்தது இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. இரு பக்கமும் ராஜாவோடு, எதிர்நிற மந்திரிகளும் (ஒருவருடையது வெள்ளைக் கட்டங்களில், மற்றவருடையது கறுப்புக் கட்டங்களில்) சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய இறுதியாட்டம். பெரும்பாலும் சமனில் முடியும் வகை. கறுப்பு மந்திரி எஃப்5-இல் நின்றதால் தன் ராஜா அந்தக் கட்டம் வழியாக இ4-க்குப் போக முடியவில்லை. மந்திரியை வேறெங்காவது நகர்த்தினால் வெள்ளை ராஜா முந்திக்கொள்ளும். ஷிரோவ் மந்திரியை எச்3 கட்டத்தில், வெள்ளைச் சிப்பாயின் வெட்டிலேயே வைத்தார், வெள்ளை அதை எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் கறுப்பு ராஜா இ4-ஐ அடைந்தது, ஆட்டம் வெற்றியானது. மந்திரி எச்3-க்குப் போவது அந்நாளைய எஞ்சின்களுக்குக் குப்பையில் போட வேண்டிய நகர்த்தல். நெடுநேரம் விட்டாலும் அதைத் தொட்டுப் பார்க்கமாட்டா.

இப்போது நிலைமை மாறியிருப்பதற்கு வேகம் மட்டும் காரணமன்று. 2017 டிசம்பரில் ஆல்பாசீரோ என்ற எஞ்சினின் முடிவுகள் வெளிவந்தபோது, அது விநாடிக்கு ஏறத்தாழ 80,000 நிலைகளையே ஆராய்ந்தது. எதிரே இருந்த ஸ்டாக்ஃபிஷ் 8 என்ற எஞ்சின் ஏறத்தாழ 7 கோடி. ஆயினும் 100 ஆட்டங்களில் ஆல்பாசீரோவுக்கு 28 வெற்றி, 72 சமன், தோல்வி இல்லை. ஸ்டாக்ஃபிஷுக்குக் கொடுத்த ஹாஷ் குறைவு, நகர்த்தலுக்கு ஒரு நிமிடம் என்ற கட்டுப்பாடு நியாயமன்று என்று பலர் குறை சொன்னார்கள். அந்தக் குறையில் நியாயம் உண்டு, ஆனால் 2018-இல் வெளிவந்த 1,000 ஆட்டங்களிலும் ஆல்பாசீரோ 155 வென்று 6 மட்டுமே தோற்றது. தனக்குத் தானே ஆடிக் கற்றுக்கொண்ட அது, யானைக்கு 5 என்று எவரும் சொல்லிக்கொடுக்காததால், சிப்பாய்களையும் காய்களையும் நெடுங்கால ஆதாயத்துக்காகக் கொடுக்கத் தயங்கவில்லை. 2020 செப்டம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12 முதல் அந்த எஞ்சினும் நிலையை மதிப்பிடச் எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்றுக்கொள்ளும் சிறிய நரம்பியல் வலையமைப்பு ஒன்றைப் பயன்படுத்துகிறது. மாணவரின் கைப்பேசி வாத்தியாரின் பழைய கணினியை மிஞ்சியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் எஞ்சினுக்குக் கண் தெரியாத இடம் உண்டு. 2017-இல் பென்ரோஸ் என்ற ஆய்வு நிறுவனம் வெளியிட்ட ஒரு நிலையில் கறுப்புக்கு ராணி, இரண்டு யானை, மூன்று மந்திரி. வெள்ளைக்கு ராஜாவும் நான்கு சிப்பாய்களும் மட்டும். ஆனால் கறுப்பின் ராணியும் யானைகளும் ஓர் ஓரத்தில் பூட்டப்பட்டிருக்கின்றன. மூன்று மந்திரிகளும் கறுப்புக் கட்டங்களில். வெள்ளை ராஜா வெள்ளைக் கட்டங்களிலேயே உலாவிக்கொண்டிருந்தால் ஆட்டம் சமன். உங்கள் மகள் பத்து நிமிடத்தில் கண்டுவிடுவாள். எஞ்சின்களோ கறுப்புக்கு வெற்றி என்று பெரிய எண்ணைக் காட்டின. ஆக, எஞ்சின் எண்ணைச் சொல்லும்போது அவள் காரணத்தைக் கேட்கட்டும். காரணம் நகர்த்தல்களாகத்தான் வரும், அவற்றை ஒவ்வொன்றாகப் பலகையில் வைக்கட்டும். எந்தப் பக்கமும் சேராமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து காய்களை எடுத்துவைக்க உங்களுக்கு ஆட்டம் தெரிய வேண்டியதில்லை, அம்மா.

கேள்வி: (ஓய்வு பெற்ற ஆசிரியரின் கடிதத்திலிருந்தே) நானாகப் பொறுக்கியெடுப்பதைவிட, ஏற்கெனவே தொகுத்துவைத்த நிலைகள் இருக்கின்றனவா? இருபது போதுமா?

பதில்: இருக்கின்றன. இவான் பிராட்கோ, டேனி கோபெக் இருவரும் 1982-இல் வெளியிட்ட தொகுப்பில் 24 நிலைகள். பாதி கணக்கிட்டுக் காண்பவை, பாதி சிப்பாயைத் தள்ளி எதிராளியின் அமைப்பை உடைப்பவை. நிலைக்கு இரண்டு நிமிடம். காய் கொடுக்காத நிலைகளும் அதில் உண்டு என்பதால் உங்கள் நோக்கத்துக்கு முழுதாகப் பொருந்தாது. சுவாமிநாதன் நடராஜன், டான் கார்பிட் இருவரும் சேர்த்த தொகுப்பு பெரியது: 15 கருப்பொருள், ஒவ்வொன்றிலும் 100 நிலை. குதிரைக்கு நிலையான கட்டம், திறந்த வரிசை, ஏழாம் வரிசை என்று பிரித்திருப்பதோடு, சிறந்த நகர்த்தலுக்கு 10 புள்ளி, அடுத்த நல்ல நகர்த்தல்களுக்குக் குறைந்த புள்ளி என்று வைத்திருப்பது எனக்குப் பிடித்தது. முதல் கேள்விக்கு எழுதிய கால் சிப்பாய்ச் சிக்கலை அது ஓரளவு தீர்க்கிறது.

புகழ்பெற்ற நிலைகளுக்கு ஒரு குறை உண்டு: எஞ்சின் செய்வோர் அனைவரும் அவற்றைக் கொண்டே தங்கள் எஞ்சினைச் சரிபார்த்திருப்பார்கள். ஆகவே உங்கள் பட்டியலை விட்டுவிடாதீர்கள். மாணவர்களின் சொந்த ஆட்டங்களிலிருந்து பத்து நிலைகளையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். இருபது நிலைகளில் 17-க்கும் 9-க்கும் உள்ள இடைவெளி பெரிதுதான். ஆனால் 13-க்கும் 11-க்கும் உள்ளதை வைத்து எதையும் சொல்ல முடியாது, அதற்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். மூன்றாவது நிலையை மட்டும் நீக்கவேண்டாம். சரியான விடை என்ற பத்தியில் 'யானை இ6' என்று எழுதியிருப்பீர்கள். அதன் பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு, 'மதிப்பீடு: சமநிலை' என்று சேர்த்து எழுதிவிட்டு, இரண்டு எஞ்சின்களையும் மறுபடி உட்காரவையுங்கள்.